ஊர் முழுக்க அடி விழும் நாளில் ஊர்ச் சங்கம் என்ன செய்யும்?

கடலோர ஊர் ஒன்றிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நாற்பது ஐம்பது குடும்பங்கள் சேர்ந்து ஒரு சேமிப்பு, கடன் சங்கம் தொடங்கும் யோசனை இருக்கிறது. சுனாமியோ ஒக்கிப் புயலோ மாதிரி இன்னொன்று வந்தால் அது உண்மையிலேயே கைகொடுக்குமா என்பது கேள்வி. ஆனால் நீங்கள் கேட்க வந்தது கடைசி வரியில்தான் இருக்கிறது: "எல்லாரும் போட்ட பணம்தானே, எல்லாருக்கும் ஒரே நாளில் போனால் யார் யாருக்குக் கொடுப்பது?" சங்கம் வைத்துக்கொள்வது நல்லது என்று சொல்ல நிறையப் பேர் வருவார்கள். இந்த வரிக்குப் பதில் சொல்லாமல் அப்படிச் சொல்வது அரைப் பதில்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் நான் எங்கே நின்று பேசுகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு தாலுகாவில் ஒரு தொடக்க வேளாண்மை கூட்டுறவு கடன் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்து, செயலாளராக ஓய்வு பெற்றவன் நான். எங்கள் உறுப்பினர்கள் ரப்பர், ஏத்தன் வாழை, மரச்சீனி போடுபவர்கள். கடற்கரையில் சங்கம் நடத்திய அனுபவம் எனக்குக் கிடையாது. மீனவச் சங்கங்களைப் பற்றி நான் சொல்வது பக்கத்திலிருந்து பார்த்ததும், அங்கே வேலை பார்த்த நண்பர்களிடம் கேட்டதும். உங்கள் ஊர்ப் பெரியவர்கள் ஒருவேளை என்னைத் திருத்தலாம்; திருத்தினால் அவர்கள் சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சாதாரணக் காலத்தில் கடன் சங்கம் எப்படி ஓடுகிறது? ஒருவர் மகள் கல்யாணத்துக்குச் சேர்க்கிறார், இன்னொருவர் அதே மாதம் வாழைக்கு உரம் போடக் கடன் வாங்குகிறார், மூன்றாமவர் பழைய கடனைக் கட்டுகிறார். தேவைகள் வெவ்வேறு நாளில் வருவதால் ஒரே பணம் பல கைகளில் சுற்றுகிறது. பேரிடர் இந்தச் சுற்றை நிறுத்திவிடும். அந்த ஒரே வாரத்தில் சேமித்தவர்கள் திருப்பிக் கேட்பார்கள், கடன்காரர்கள் தவணை கட்ட மாட்டார்கள், புதுக் கடனுக்கு வரிசை நிற்கும். மூன்றும் ஒரே பக்கம் இழுக்கும். ஆக, உங்கள் பயம் நியாயமானது. ஒரே ஊர், ஒரே தொழில், ஒரே கடல் என்று இருக்கும் சங்கம் தன் சொந்தப் பணத்தை மட்டும் நம்பினால், பெரிய அடியில் நிற்காது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

நம் மாவட்டத்திலேயே இதற்கு இரண்டு பாடம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் குளச்சல், கொட்டில்பாடு, மணக்குடி எல்லாம் போனது; மணக்குடிப் பாலமே உடைந்து போனது. ஆனால் கடலிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி வந்தால் ரப்பர் பால் எடுப்பு நடந்துகொண்டுதான் இருந்தது. அன்றைக்குக் கடற்கரையும் மலையடிவாரமும் ஒரே சங்கத்தில் இருந்திருந்தால், மேட்டுப் பக்கத்துப் பணம் கடற்கரைக்கு இறங்கியிருக்கும். 2017 நவம்பர் 30-ல் ஒக்கி வேறு மாதிரி அடித்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை ஆட்களைக் கடலில் பிடித்தது. அதே காற்று குலசேகரம், அருமனைப் பக்கம் ரப்பரையும் வாழையையும் சாய்த்தது. கடலும் மலையும் ஒரே நாளில். அந்த மாதிரி நாளுக்கு மாவட்டத்துக்குள்ளேயே பணத்தைப் பரப்பி வைப்பதும் போதாது.

அப்படியானால் இந்த அமைப்பே எதற்கு என்று கேட்கலாம். கடன் சங்கம் என்ற யோசனை பிறந்ததே ஒரு பஞ்சத்தில்தான். ஜெர்மனியில் 1846-47 குளிர்காலத்தில் விளைச்சல் பொய்த்து ஊர்கள் பட்டினி கிடந்தபோது, வையர்புஷ் என்ற சிற்றூரின் மேயராக இருந்த ராய்ஃபைசன் என்பவர் வசதி உள்ளவர்களிடம் பணம் திரட்டி, மாவு வாங்கி, ரொட்டி சுட்டு ஏழைகளுக்குக் கடனாகக் கொடுத்தார். பின்னால் அவருக்கு ஒன்று புரிந்தது: வசதியானவர்களின் இரக்கம் சில வருடங்களுக்கு மேல் தாங்காது. அப்புறம்தான், 1864-ல், கடன் வாங்குபவர்களே உறுப்பினராக இருக்கும் சங்கத்துக்கு வந்தார். சென்னை மாகாணத்தில் இதைப் படித்துவிட்டு 1890-களில் பெரிய அறிக்கை எழுதியவர் ஃபிரெடரிக் நிக்கல்சன். "ராய்ஃபைசனைக் கண்டுபிடியுங்கள்" என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். அதே மனிதர் பிறகு மாகாணத்தின் மீன்வளத் துறைக்கும் அடித்தளம் போட்டார் என்பது உங்கள் ஊருக்குப் பொருத்தமான செய்தி. அவர் அறிக்கைக்குப் பின் 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. நம் மாவட்டம் அப்போது திருவிதாங்கூரில் இருந்ததால் இங்கே கதை கொஞ்சம் தனி வழியில் போனது. சென்னைப் பக்கம் அந்தக் காலத்தில் இதற்கு ஐக்கிய நாணய சங்கம் என்று பெயர் வைத்தார்கள். நாணயம் என்றால் காசும்தான், வாக்குத் தவறாமையும்தான். இப்போது எல்லாரும் சொசைட்டி என்கிறோம். பழைய பெயர் தொழிலை இன்னும் சரியாகச் சொன்னது.

சரி, நடைமுறைக்கு வருவோம். ஒக்கிக்கு மறுநாள் எங்கள் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கரண்ட் இல்லை. செல்போன் டவர் இல்லை. ஏடிஎம் எதுவும் ஓடவில்லை. ரோட்டுக்குக் குறுக்கே ரப்பர் மரங்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கூட்டமாகக் கடன் கேட்டு வருவார்கள் என்று பயந்து உட்கார்ந்திருந்தேன். வந்தவர்கள் பெரும்பாலும் வயதான பெண்கள். தங்கள் சேமிப்புக் கணக்கிலிருந்து ஐந்நூறு, ஆயிரம் எடுக்க வந்தார்கள். அரிசி, மெழுகுவர்த்தி, மண்ணெண்ணெய், பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து, அவ்வளவுதான் தேவை. முதல் வாரத்தில் மக்களுக்கு வேண்டியது சொந்தப் பணம், சில்லறையாக, கையில். கடன் பேச்சு அதற்கு அப்புறம்தான் வந்தது.

அந்தச் சில்லறை எங்களிடம் இரண்டாம் நாளே தீரும் நிலைக்கு வந்தது. சங்கம் பெட்டியில் வைத்திருக்கக்கூடிய ரொக்கத்துக்கு உச்சவரம்பு உண்டு. மீதி மத்திய கூட்டுறவு வங்கியில் இருக்கும். அது சரியான விதி, திருட்டுக்கும் கையாடலுக்கும் பயந்து வைத்த விதி. ஆனால் ரோடு அடைத்துக்கிடக்கும் போது வங்கியில் உள்ள பணம் நிலாவில் உள்ள மாதிரி. நாங்களே ஒரு குடும்பத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று வரம்பு வைத்து இழுத்தோம். நகைக்கடன் கொடுத்திருக்கலாம், நம் ஊரில் அவசரத்துக்கு எல்லார் வீட்டிலும் இருப்பது தங்கம்தான். ஆனால் நகைப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று என்னிடம். மற்றது மதிப்பீட்டாளரிடம். அவர் வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே விழுந்த மரங்களை வெட்டி வழி விட மூன்று நாள் ஆனது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் கையெழுத்துப் பேரேட்டைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது மட்டும் கைகொடுத்தது. எமர்ஜென்சி விளக்கில் பேரேட்டைப் பார்த்து, மீதியைச் சரிபார்த்து, கையெழுத்து வாங்கிப் பணம் கொடுத்தோம். இன்றைக்குச் சங்கங்களைக் கணினிமயமாக்கும் மத்திய அரசுத் திட்டம் 2022 முதல் நடக்கிறது, நல்லதுதான். ஆனால் மாதக் கடைசியில் உறுப்பினர் மீதிப் பட்டியலைக் காகிதத்தில் ஒரு பிரதி அச்செடுத்து வேறொரு இடத்தில் வைக்கும் பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அந்த இடம் கடலுக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது உங்கள் கடைசி வரிக்கு வருகிறேன். யார் யாருக்குக் கொடுப்பது என்றால், ஊருக்கு வெளியே உள்ளவர்கள் கொடுக்க வேண்டும். அதற்கான கயிறு பேரிடருக்கு முன்பே கட்டியிருக்க வேண்டும். நம் அமைப்பில் தொடக்கச் சங்கம், அதற்கு மேல் மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கி, அதற்கு மேல் மாநிலத் தலைமைக் கூட்டுறவு வங்கி, பின்னால் விவசாய, ஊரகக் கடனுக்கான தேசிய வங்கியான நபார்டு என்று அடுக்கு இருப்பது இதற்காகத்தான். அமெரிக்காவில் 2005-ல் கத்ரீனா புயலில் நியூ ஆர்லியன்ஸ் மக்கள் பல மாநிலங்களுக்குச் சிதறியபோது, கடன் சங்கங்கள் கிளைகளைப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு ஏற்கெனவே இருந்தது. தன் சங்கக் கட்டடம் தண்ணீரில் கிடந்தாலும், ஒருவர் வேறொரு ஊரில் வேறொரு சங்கத்தின் கவுண்டரில் தன் பணத்தை எடுக்க முடிந்தது. புயல் வந்த பிறகு போட்ட ஏற்பாடாக இருந்தால் அது நடந்திருக்காது.

பக்கத்துக் கேரளத்தை நாம் இன்னும் நன்றாகப் பார்க்கலாம். 2018 வெள்ளத்துக்குப் பிறகு அங்கே இரண்டு வேலை தனித்தனியாக நடந்தது. வீடு முழுதும் இழந்தவர்களுக்குக் கூட்டுறவுத் துறை கேர் ஹோம் என்ற திட்டத்தில் முதல் கட்டமாகச் சுமார் 2,000 வீடுகள் கட்டிக் கொடுத்தது. அது கடன் கிடையாது. பாத்திரம் பண்டம், தையல் மெஷின், ஃபிரிட்ஜ் போனவர்களுக்குக் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் அமைப்பின் அயல்கூட்டங்கள், அதாவது அக்கம்பக்கத்துக் குழுக்கள் வழியாக ஒரு லட்சம் ரூபாய் வரை கடன். வட்டியை அரசு ஏற்றது. எது தானம், எது கடன் என்பதை அவர்கள் கலக்கவில்லை. எனக்கு அந்தத் திட்டத்தில் மிகவும் பிடித்தது அதுதான்.

ஏனென்றால் கலந்தால் என்ன ஆகும் என்று நாங்கள் பார்த்தோம். ஒக்கிக்குப் பிறகு எங்கள் சங்கம் செய்த தவறு ஒன்றைச் சொல்கிறேன். முடிவில் எனக்கும் பங்கு உண்டு. பாதிக்கப்பட்ட எல்லாருக்கும் ஒரே மாதிரி, ஒரே தவணைக்காலத்தில் கடன் கொடுத்தோம். சமமாக நடத்துகிறோம் என்று பெருமை வேறு. ஏத்தன் வாழைக்காரர் பத்துப் பதினோரு மாதத்தில் குலை வெட்டிக் கட்டிவிட்டார். ரப்பர்க்காரருக்கு மரம் நட்டுப் பால் எடுக்க ஏழு வருடம் ஆகும். நடுவில் வருமானம் இல்லாத மனிதரிடம் வருடாவருடம் தவணை கேட்டால் எங்கே போவார்? வெளியில் வட்டிக்கு வாங்கி எங்களுக்குக் கட்டினார். எங்கள் ஏட்டில் அவர் ஒழுங்கான உறுப்பினர். அவர் வீட்டில் கடன் இரண்டாகியிருந்தது. இதை நான் கண்டுகொள்ள இரண்டு வருடம் ஆனது, அதுவும் அவர் மனைவி சொல்லித்தான்.

பயிர்க்கடனை மாற்றியமைக்க விதிகள் உண்டு, பலருக்கும் தெரியாது. ரிசர்வ் வங்கி 2018-ல் தொகுத்து வெளியிட்ட வழிகாட்டுதல்படி, பயிர்ச் சேதம் 33 முதல் 50 சதவீதம் வரை என்றால் இரண்டு ஆண்டு வரையும், அதற்கு மேல் போனால் ஐந்து ஆண்டு வரையும் தவணையை நீட்டலாம். இரண்டிலும் ஒரு வருடம் தவணை இல்லாத காலம். கூட்டுறவு அமைப்புக்கு இதே போக்கில் நபார்டு வழியாக ஏற்பாடு வரும். இந்த விதிகள் அவ்வப்போது மாறும், நடப்பில் உள்ளதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மாறாத ஒன்று உண்டு: இது தானாக நடக்காது. மாவட்ட நிர்வாகம் சேதத்தை அறிவிக்க வேண்டும், உறுப்பினர் மனு கொடுக்க வேண்டும், நீட்டிய காலத்துக்கு வட்டி ஓடிக்கொண்டிருக்கும். ஏழு வருட ரப்பருக்கு ஐந்து வருடமும் பற்றாது என்பது வேறு விஷயம்.

தள்ளுபடியைப் பற்றியும் கேட்பீர்கள். நம் மாநிலத்தில் 2016-லும் 2021-லும் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடி வந்தது. 2021-ல் 12,110 கோடி ரூபாய். தள்ளுபடி கிடைத்தவர்களுக்கு அது மூச்சு. ஆனால் கஷ்டப்பட்டுத் தவணை நாளுக்குக் கட்டியவர் கவுண்டரில் வந்து "நான் மடையனா சாரே" என்று கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. சங்கத்தின் திட்டத்தில் தள்ளுபடியை வரவாக எழுதாதீர்கள், அவ்வளவு சொல்வேன். சுனாமிக்குப் பிறகு இலவச வள்ளங்கள் வந்ததும் இதே கதைதான். தேவைப்பட்டவருக்கும் வந்தது, தேவைக்கு மேலும் வந்தது. கடன் வாங்கி வள்ளம் எடுத்து ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்தவர் பக்கத்தில் இலவச வள்ளம் நின்றது. தானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சங்கத்தின் கடன் ஏட்டுக்குள் அது நுழையக் கூடாது.

இந்த விஷயத்தில் எங்களைவிட மீனவச் சங்கங்கள் கெட்டிக்காரர்கள். திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பை, சிஃப்ஸ் என்று சொல்வார்களே, உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1980 முதல் இருக்கிறது, நம் மாவட்டச் சங்கங்களும் அதில் உண்டு. அங்கே தவணைக்குத் தேதி கிடையாது. மீன் கரைக்கு வந்து ஏலம் போனதும், விற்ற பணத்தில் ஒரு பங்கு கடனுக்கு, ஒரு சிறு பங்கு சேமிப்புக்கு என்று அங்கேயே கழித்துக்கொள்வார்கள். மீன் நிறைய என்றால் நிறையக் கழியும். கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாளில் தவணையும் இல்லை, தவணை தவறியவர் என்ற பெயரும் இல்லை. புயல் வந்தால் என்ன செய்வது என்று தனியாக விதி எழுதாமலேயே, புயலுக்கான விதி தினசரிக் கணக்குக்குள் இருக்கிறது. ஏலக்காரரிடம் முன்பணம் வாங்கினாலும் தேதி இல்லைதான், ஆனால் மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கு விட வேண்டும். வாராவாரம் வீட்டு வாசலில் வந்து நிற்கும் குழுக்கடன் நிறுவனங்களுக்குக் கடல் கொந்தளிப்பதெல்லாம் கணக்கில் வராது. நீங்கள் சங்கம் அமைத்தால் இந்த ஒரு விஷயத்தை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பிலும் ஒரு நல்ல முன்மாதிரி உங்கள் கையிலேயே இருக்கிறது. மீனவர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவர் 1,500 ரூபாய் சேர்த்தால், மத்திய அரசு 1,500, மாநில அரசு 1,500 சேர்த்து மீன் குறைவான மாதங்களில் 4,500 ரூபாயாகத் திரும்பி வருகிறது. பெரிய தொகை இல்லை. ஆனால் வரப்போகும் வறட்டு மாதத்துக்கு முன்கூட்டியே எடுத்து வைப்பது என்ற பழக்கம் ஏற்கெனவே ஊரில் இருக்கிறது என்று அர்த்தம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலத்தைச் சமாளிக்கத் தெரிந்த வீட்டுக்குப் பேரிடர் நிதி என்றால் என்ன என்று வகுப்பெடுக்க வேண்டாம்.

இனி நான் எழுதத் தயங்கும் விஷயம். ஒக்கியில் கடலுக்குப் போனவர்களில் பலருடைய உடல் கிடைக்கவில்லை. சட்டப்படி, காணாமல் போனவரைப் பற்றி ஏழு ஆண்டு ஒரு தகவலும் இல்லை என்றால்தான் இறந்ததாகக் கொள்வார்கள். அரசு அந்த ஏழு ஆண்டைப் பார்க்காமல், இறந்தவர், காணாமல் போனவர் இரு தரப்புக் குடும்பத்துக்கும் 20 லட்சம் ரூபாய் கொடுத்தது. ஆனால் நிவாரணம் வந்து சேரும் வரை கடன் ஏடு சும்மா இருக்குமா? ஒரு நிதி நிறுவனத்திலிருந்து, கணவர் திரும்புவார் என்று இன்னும் கரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குத் தவணை தவறிய நோட்டீஸ் போனது. யாரும் கெட்ட எண்ணத்தில் அனுப்பியது இல்லை. கம்ப்யூட்டர் மாதக் கடைசியில் தானாக அச்சடித்தது, தபாலில் போட்டார்கள். அதே கடனுக்கு ஜாமீன் போட்டவர் அடுத்த வீட்டுக்காரர், அவர் வீட்டிலும் ஒருவர் திரும்பவில்லை. ஒரே வள்ளத்தில் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டால் அந்த ஜாமீனுக்கு என்ன மதிப்பு? கடலோரச் சங்கத்தில் ஜாமீன்தாரர் வேறு வள்ளத்துக்காரராக, முடிந்தால் வேறு தொழில்காரராக இருக்கட்டும். பேரிடர் அறிவித்த அன்றே எல்லா நோட்டீஸையும் நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்று துணைவிதியிலோ தீர்மானத்திலோ இன்றைக்கே எழுதி வையுங்கள். அந்த நேரத்தில் கூட்டம் கூட்டி, தீர்மானம் போடத் தேவையான ஆள் எண்ணிக்கை வந்திருக்கிறதா என்று பார்க்க முடியாது.

இன்சூரன்ஸ் பற்றி வேகமாகச் சொல்லிவிடுகிறேன். வருடம் 436 ரூபாய்க்கு ஆயுள் காப்பீடும், 20 ரூபாய்க்கு விபத்துக் காப்பீடும் வங்கிக் கணக்கு வழியாக உண்டு. ஆளுக்கு 2 லட்சம். உறுப்பினர் எல்லாருக்கும் இரண்டும் இருக்கிறதா என்று பார்ப்பதே சங்கத்துக்கு ஒரு நல்ல முதல் வேலை. கணக்கில் மீதி இல்லாமல் பிரீமியம் போகாமல் பாலிசி செத்துக் கிடப்பது சாதாரணமாக நடக்கும். பயிர்க்கடன் வாங்கினால் பயிர்க்காப்பீடு தானாக வரும் என்று பல விவசாயிகள் இன்னும் நம்புகிறார்கள்; 2020 முதல் அது விருப்பப்பட்டால்தான். காற்றின் வேகமோ மழையின் அளவோ குறிப்பிட்ட எல்லையைத் தாண்டினால், சேதத்தைப் பார்க்காமலேயே பணம் கொடுக்கும் காப்பீடும் இப்போது பேச்சில் இருக்கிறது. கரீபியனில் செயின்ட் லூசியா, ஜமைக்கா, கிரெனடா தீவுகளில் கடன் சங்கங்கள் வழியாகவே அப்படி ஒன்றை விற்றார்கள். வேகமாகப் பணம் வரும் என்பது அதன் பெரிய பலம். அளவெடுக்கும் கருவி உங்கள் ஊரிலிருந்து தள்ளி இருந்து, அங்கே காற்று குறைவாக அடித்திருந்தால், உங்கள் கூரை பறந்தும் ஒரு பைசா வராது என்பது அதன் பலவீனம். நம் மாவட்டத்தில் மலைக்கும் கடலுக்கும் நடுவே மழையும் காற்றும் ஊருக்கு ஊர் மாறுகிறது. ஆகவே இது நம்மிடம் சரிப்படுமா என்பதில் எனக்குச் சந்தேகம் பாதிக்குப் பாதி.

பணம் பத்திரமா என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வைப்புத்தொகைக் காப்பீடு இப்போது ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரை. இது மாநில, மாவட்ட மத்திய, நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கும் உண்டு. தொடக்கச் சங்கங்களில் போடும் வைப்புக்குக் கிடையாது. நான் வேலை பார்த்த சங்கத்தின் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேருக்கு இது தெரியாது. நாங்களும் பலகையில் எழுதிப் போட்டதில்லை. கேரளத்தில் கருவண்ணூர் கூட்டுறவு வங்கி மோசடி விவகாரம் 2021-ல் வெளியே வந்தபோது எத்தனை பேர் தங்கள் பணத்துக்காக அலைந்தார்கள் என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். புயல் கொண்டுபோவதைவிடக் கவனிக்காத கணக்கு கொண்டுபோவது அதிகம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, நீங்கள் புதிதாக ஒரு சங்கம் தொடங்க வேண்டுமா? நான் உங்கள் இடத்தில் இருந்தால் தொடங்க மாட்டேன். பதிவு இல்லாமல் ஊராரிடம் வைப்பு வாங்குவது முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்யும் 2019 சட்டத்துக்குப் பிறகு நேரடிக் குற்றம். நல்ல எண்ணம் அங்கே செல்லாது. முறையான சங்கம் என்றால் 1983-ம் ஆண்டு தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் கீழ் பதிவு, தணிக்கை, தேர்தல் எல்லாம் உண்டு; நாற்பது குடும்பத்தின் பணம் ஒரு செயலாளர் சம்பளத்துக்கே பற்றாது. முதலில் பன்னிரண்டு முதல் இருபது பேர் கொண்ட இரண்டு மூன்று சுய உதவிக் குழுக்களாக இருங்கள். குழுவுக்குள் சேமித்துக் குழுவுக்குள் கடன் கொடுப்பதற்கு வழி இருக்கிறது. பெண்கள் குழுக்களே போதும். மார்த்தாண்டம் சந்தைக்கு மீன் கொண்டுபோகிற அக்காமார்களுக்கு உங்களுக்கும் எனக்கும் தெரிந்ததைவிட வரவு செலவு நன்றாகத் தெரியும். அப்புறம் உங்கள் ஊரிலோ அடுத்த ஊரிலோ உள்ள மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலோ கடன் சங்கத்திலோ உறுப்பினராகச் சேருங்கள். கயிறு ஏற்கெனவே மாவட்டம் வரை, மாநிலம் வரை கட்டியிருக்கும் இடம் அது. அந்தச் சங்கம் தூங்கிக் கிடக்கிறது என்பீர்கள். இருக்கலாம். நிர்வாகக் குழு இல்லாமல் தனி அலுவலர் பொறுப்பில் சங்கங்கள் ஓடிய காலங்கள் நம் மாநிலத்தில் நீளமானவை. ஆனாலும் தூங்குகிற சங்கத்தை எழுப்புவது, இல்லாத சங்கத்தைப் பெற்று வளர்ப்பதைவிடச் சுலபம் என்பது என் அனுபவம். எல்லா ஊரிலும் இதுவே சரி என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

குழுவிலேயே ஒரு பேரிடர் நிதி வைக்கலாம். மாதம் ஆளுக்கு இருபது முப்பது ரூபாய் போதும். அதைக் கடன் கொடுக்கும் பணத்தோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதமே கரைந்துவிடும். மாவட்ட மத்திய கூட்டுறவு வங்கியிலோ வேறு வங்கியிலோ சிறு சிறு வைப்பாக, வெவ்வேறு மாதத்தில் முதிர்கிற மாதிரி போட்டு வையுங்கள். எடுக்கக் கையெழுத்துப் போடும் மூவரும் ஒரே தெருவில், ஒரே வீட்டு உறவில் இருக்க வேண்டாம். முதல் வாரத்துக்கு வீட்டுக்கு இவ்வளவு, திருப்பித் தர வேண்டாம் என்று தொகையை முன்பே முடிவு செய்யுங்கள். இரண்டாம் மாதம் வள்ளம், வலை, எஞ்சின் என்று வருவதற்குத்தான் கடன். அது ஏலத்தில் கழிகிற கடனாக இருக்கட்டும்.

முதல் கூட்டத்துக்கு எல்லாரையும் அவரவர் பாஸ்புக்கும் காப்பீட்டுச் சீட்டும் எடுத்து வரச் சொல்லுங்கள். நாமினி இடத்தில் யார் பெயர் என்று ஒவ்வொருவராகச் சத்தமாக வாசிக்கட்டும். கல்யாணத்துக்கு முன் எழுதிய அம்மா பெயர் சிலரிடம் இருக்கும், அந்த அம்மா இறந்து பத்து வருடம் ஆகியிருக்கும். சிலரிடம் அந்த இடமே காலியாக இருக்கும். அன்றைக்கு வேறு எதையும் பேசாமல், அந்தப் படிவங்களை மட்டும் நிரப்பிவிட்டுக் கலைந்து போங்கள்.